ஜெஸ்ஸி ஜேம்ஸ் படத்தில் தூங்கிப்போனவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

கேள்வி இதுதான்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸைப் பற்றி 2007-இல் வந்த ‘தி அசாசினேஷன் ஆஃப் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பை தி கவர்ட் ராபர்ட் ஃபோர்ட்’ படத்தைச் சிலர் இந்த நூற்றாண்டின் தலைசிறந்த வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம், என்கிறார்கள். சிலர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாமல் அணைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்களா? நம்பி உட்காரலாமா?

உட்காரலாம். ஆனால் என்ன மாதிரியான படத்துக்கு உட்காருகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ரயில் கொள்ளை, குதிரைத் துரத்தல், தெருவில் எதிரெதிரே நின்று துப்பாக்கி உருவுவது என்று எதிர்பார்த்து வந்தவருக்கு இதில் கிடைப்பது ஒரே ஒரு ரயில் கொள்ளை. அதுவும் முதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஏழெட்டு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ‘இவன் என்னைக் காட்டிக்கொடுப்பானா?’ என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் மனம் போகிறவருக்குப் படம் ஓடுவதே தெரியாது. மனம் போகாதவருக்கு மேகமும் கோதுமை வயலும்தான் மிஞ்சும்.

முதலில் விவரங்கள். இயக்கம் ஆண்ட்ரூ டொமினிக்; 2000-இல் வந்த ‘சாப்பர்’ படத்துக்குப் பிறகு இது அவருடைய இரண்டாவது படம். மூலம், ரான் ஹான்சன் 1983-இல் எழுதிய இதே பெயருள்ள நாவல். ஓடும் நேரம் 160 நிமிடம். 2005-இல் கனடாவின் ஆல்பர்ட்டா, மானிடோபா மாகாணங்களில் எடுத்தார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம் என்று ஸ்டுடியோவுக்கும் இயக்குநருக்கும் இடையே இழுபறி நடந்து, 2007 செப்டம்பரில்தான் திரைக்கு வந்தது. சுமார் 3 கோடி டாலர் செலவு. உலகம் முழுவதும் வசூல் ஏறத்தாழ அதில் பாதி. வெனிஸ் விழாவில் ஜெஸ்ஸியாக நடித்த பிராட் பிட்டுக்குச் சிறந்த நடிகர் விருது. ஆஸ்கரில் இரண்டு பரிந்துரைகள்: ராபர்ட் (பாப்) ஃபோர்டாக வரும் கேசி அஃப்ளெக் துணை நடிகராக, ஒளிப்பதிவுக்கு ரோஜர் டீக்கின்ஸ். இரண்டும் கைநழுவின. 2013-இல் நியூயார்க்கில் உள்ள மூவிங் இமேஜ் அருங்காட்சியகத்தில் மறுதிரையிடல் நடந்ததிலிருந்து, கவனிக்காமல் விட்ட படம் என்ற பேச்சு வலுத்தது.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். முதன்மையானது, ‘ஒன்றுமே நடக்கவில்லை.’

நடப்பவற்றை எண்ணிப் பார்த்தால் இது உண்மையில்லை. ஐந்து பேர் துப்பாக்கியால் சாகிறார்கள். தன் கூட்டாளி எட் மில்லரை ஜெஸ்ஸி இரவில் சவாரிக்கு அழைத்துப்போய் முதுகுக்குப் பின்னால் நின்று சுடுகிறான். இன்னொரு கூட்டாளி வுட் ஹைட்டின் தலையில், படுக்கையில் கிடந்த பாப் ஃபோர்டு சுடுகிறான். ஜெஸ்ஸி சாவது முதுகைக் காட்டி நிற்கும்போது. பாபின் அண்ணன் சார்லி ஃபோர்டு தன்னையே சுட்டுக்கொள்கிறான். பாபை ஒருவன் பெயர் சொல்லி அழைக்க, அவன் திரும்பும்போது குண்டு பாய்கிறது. ஒருவர்கூட நேருக்கு நேர் மோதிச் சாகவில்லை. நேருக்கு நேர் சுட்டுக்கொள்ளும் காட்சி ஒன்றுதான் உண்டு. வுட் ஹைட்டும் கூட்டத்தில் இன்னொருவனான டிக் லிடிலும் ஒரு சின்னப் படுக்கையறையில் சில அடி தூரத்தில் நின்று மாறி மாறிச் சுடுகிறார்கள். ஒருவராலும் மற்றவரைக் கொல்ல முடியவில்லை. கை நடுங்குகிறது, அறையெல்லாம் கருமருந்துப் புகை, குண்டு சுவரில் பாய்கிறது. புகையில்லாத வெடிமருந்து பரவாத 1881-இல் மூடிய அறைக்குள் நாலு தோட்டா சுட்டாலே எதிரே நிற்பவன் மங்கிப்போவான். கௌபாய் படங்கள் ஐம்பது வருடமாக மறைத்த இந்தச் சங்கதியை இந்தப் படம் ஒரே காட்சியில் போட்டு உடைக்கிறது. வன்முறை நிறையவே இருக்கிறது, அதில் வீரம்தான் இல்லை. ‘நடக்கவில்லை’ என்பவர்கள் தேடியது இந்த இரண்டாவதை என்று நினைக்கிறேன்.

மெதுவாக இருப்பதற்கு வலுவான காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. யார் யாரைக் கொல்கிறான், கொன்றவனுக்கு ஊர் என்ன பட்டம் (‘கவர்ட்’, அதாவது கோழை) கொடுத்தது என்று எல்லாவற்றையும் தலைப்பு முன்கூட்டியே போட்டு உடைத்துவிடுகிறது. அந்தத் தலைப்பை ஸ்டுடியோ மாற்றக்கூடாது என்று பிட் தன் ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொண்டார் என்பார்கள். முடிவு தெரிந்த கதையில் ‘அடுத்து என்ன’ என்ற கேள்விக்கு வேலை இல்லை. ‘இவனுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தும் ஏன் பேசாமல் இருக்கிறான்’ என்பதுதான் மிச்சம். அந்தக் கேள்விக்கு விடை முகங்களில்தான் கிடைக்கும். முகத்தைப் படிக்க நேரம் வேண்டும்.

இதற்கு ஒரு காட்சியைச் சொல்லலாம். வுட் ஹைட்டைப் பாப் கொன்று, உடலைப் பனியில் போட்டுவிட்டு வந்த பிறகு, ஃபோர்டு சகோதரர்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கு ஜெஸ்ஸி சாப்பிட வருகிறான். வுட் அவனுடைய ஒன்றுவிட்ட சகோதரன். காயம்பட்ட டிக் லிடில் மாடியில் ஒளிந்திருக்கிறான். கீழே சாப்பாட்டு மேசையில் பேச்சு சாதாரணமாகத்தான் ஓடுகிறது. சார்லி தம்பியைக் கிண்டல் செய்ய, தனக்கும் ஜெஸ்ஸிக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பாப் ஒவ்வொன்றாகச் சொல்ல நேர்கிறது: இருவரும் வீட்டில் கடைக்குட்டி, கண் நீலம், உயரம் ஒன்று. எல்லோரும் சிரிக்கிறார்கள். பதிலுக்கு ஜெஸ்ஸி, தன்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்த ஒருவனின் கதையைச் சொல்கிறான். அதன் பிறகு மேசையில் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் தட்டைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். துப்பாக்கி வெளியே வராமலே படத்தின் உச்சமான சண்டைக் காட்சி இதுதான். இதை வேகமாக வெட்டித் தொகுத்திருந்தால் வெறும் சாப்பாட்டுக் காட்சியாகப் போயிருக்கும்.

அடுத்த புகார்: ‘யார் யாரென்றே புரியவில்லை.’ இந்தப் புகார் நியாயமானது. இது படத்தின் உண்மையான குறை. முதல் இருபது நிமிடத்தில் தாடி, தொப்பி, கறுப்புக் கோட்டுடன் பத்துப் பேர் காட்டுக்குள் நிற்கிறார்கள். பெயர்கள் வாயோரமாக முணுமுணுக்கப்படுகின்றன. அப்போது தவறவிட்டால் நடுவில் ஒரு மணி நேரம் புகையாகத்தான் இருக்கும். நாவலில் ஒரு பத்தியில் உறவுமுறையை விளக்கிவிடலாம். படம் அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டது. ஆகவே பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஜெஸ்ஸி, அவன் அண்ணன் ஃபிராங்க் (சாம் ஷெப்பர்ட்) இருவரும்தான் பழைய கூட்டத்தில் மிச்சம். ரயில் கொள்ளை முடிந்ததும் ஃபிராங்க் விலகிக் கிழக்கே போய்விடுகிறான். அதன் பிறகு அவனைத் தேட வேண்டாம். வுட் ஹைட் (ஜெரமி ரென்னர்) ஜெஸ்ஸியின் ரத்த உறவு, முன்கோபி. டிக் லிடில் (பால் ஷ்னைடர்) பேச்சுத்திறன் உள்ளவன், பெண்பித்தன். வுட்டின் தகப்பனாருடைய இளம் மனைவியிடமே கைவரிசை காட்டுவதால்தான் இருவருக்கும் பகை. எட் மில்லர் (கேரட் டிலாஹன்ட்) பயந்தவன், மனதில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். அதுவே அவன் உயிருக்கு உலை. சார்லி ஃபோர்டு (சாம் ராக்வெல்) அசட்டுச் சிரிப்புக்காரன். பாப் அவன் தம்பி. அவர்களுடைய அக்காள் மார்த்தாவின் பண்ணைவீடுதான் எல்லோரும் வந்துபோகும் இடம். ஜிம் கம்மின்ஸ் என்ற பெயர் அடிக்கடி காதில் விழும்; ஜெஸ்ஸி அவனைத் தேடுகிறான், அவ்வளவுதான். அவன் திரையில் எப்போது வருவான் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்ததுதான் மிச்சம்.

சங்கிலி இப்படிப் போகிறது: கூட்டத்தில் சிலர் தன்னைப் பிடித்துக்கொடுக்கப் பேசுகிறார்கள் என்று ஜெஸ்ஸிக்குச் சந்தேகம். மிசௌரி ஆளுநர் தாமஸ் கிரிட்டன்டன் 1881-இல் ஃபிராங்க், ஜெஸ்ஸி ஒவ்வொருவரையும் பிடித்துக்கொடுப்பவருக்கு 5,000 டாலர் என்று அறிவித்திருந்தார். பணம் ரயில் கம்பெனிகளுடையது. சந்தேகத்தில் ஜெஸ்ஸி எட்டைக் கொல்கிறான். தனியே, பெண் விவகாரத்தில் வுட்டும் டிக்கும் மோத, பாப் வுட்டைக் கொல்கிறான். தன் உறவினனைக் கொன்றது இவர்கள்தான் என்று ஜெஸ்ஸிக்குத் தெரிந்தால் தலை தப்பாது. அந்தப் பயத்தில் பாப் அதிகாரிகளிடம் போகிறான், டிக் பிடிபடுகிறான், ஜெஸ்ஸியைப் பிடித்துக்கொடுக்க பாபுக்குப் பத்து நாள் கெடு கிடைக்கிறது. நடுப்பகுதி முழுக்க இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் நீங்கள் பயந்த அளவுக்கு மெதுவாகத் தோன்றாது.

அந்த நடுப்பகுதியிலும் டிக் கென்டக்கி போகும் நீட்சி எனக்கு அதிகம் என்றே படுகிறது. கதைக்கு அதன் விளைவு தேவை, அத்தனை நிமிடம் தேவையில்லை. கொண்டாடுபவர்கள் ஒவ்வொரு பிரேமுக்கும் காரணம் கண்டுபிடிப்பார்கள். அது அன்பு, விமர்சனம் ஆகாது.

‘ஓரமெல்லாம் மங்கலாக இருக்கிறது, பிரிண்ட் சரியில்லையா?’ என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. பிரிண்டில் கோளாறு இல்லை. சில காட்சிகளில் நடுவில் மட்டும் தெளிவாகவும், விளிம்புகள் கரைந்து, நிறம் பிரிந்து, மூலைகள் இருண்டும் தெரியும். டீக்கின்ஸ் வேண்டுமென்றே செய்தது. பழைய வைட் ஆங்கிள் லென்ஸ்களின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி, ஆரி மேக்ரோ லென்ஸ்களின் முன்னால் பொருத்திச் செய்தார்கள். லென்ஸ் வாடகைக்குத் தரும் ஓட்டோ நெமென்ஸ் நிறுவனத்தில் உருவான அவற்றுக்கு ‘டீக்கினைசர்’ என்றே பெயர் வந்துவிட்டது. பழைய புகைப்படம்போலத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். பெரும்பாலும் பின்னணிக் குரல் ஓடும் இடங்களில், அதாவது நடந்த சம்பவம் நினைவாகவும் வதந்தியாகவும் மாறும் இடங்களில் இது வருவதைப் பார்க்கலாம். உரையாடல் நடக்கும் காட்சிகளில் படம் கூர்மையாகத்தான் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டால் மங்கல் உறுத்தாது.

பின்னணிக் குரலைப் பற்றி இரண்டு கட்சி. படத்தொகுப்பில் உதவியாளராக இருந்த ஹியூ ராஸ் தற்காலிகமாகப் பேசிவைத்த குரலே பொருந்திப்போய் நிலைத்துவிட்டது. உணர்ச்சி காட்டாத, அருங்காட்சியகத்தில் பொருளின் அருகே ஒட்டிய குறிப்பை வாசிப்பது போன்ற குரல். திரையில் தெரிவதையே குரலும் சொல்கிறது என்பது குற்றச்சாட்டு. இரண்டு மூன்று இடங்களில் அது உண்மை. ஆனால் குரல் சொல்வதும் திரையில் தெரிவதும் ஒத்துப்போகாத இடங்களும் இருக்கின்றன. ஜெஸ்ஸிக்குக் கண்ணிமையில் ஒரு நோவு, அதனால் மற்றவர்களைவிட அதிகமாக இமைப்பான் என்று தொடக்கத்தில் குரல் சொல்கிறது. பிட்டின் கண்ணைப் பாருங்கள், இமைப்பதே அபூர்வம். அவன் இருக்கும் அறையில் கடிகாரம்கூட மெதுவாக ஓடும் என்ற பொருளில் ஒரு வரியும் வருகிறது. ஊர் பேசிய ஜெஸ்ஸி வேறு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முப்பத்து நான்கு வயது நோயாளி வேறு. குரல் முதலாமவனுடையது, காமிரா இரண்டாமவனுடையது. பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஊர்ப்பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் படம் போதுமான அளவு சொல்லவில்லை. இது அதிகம் பேசப்படாத குறை. ஜெஸ்ஸி 1847-இல் மிசௌரியில், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். உள்நாட்டுப் போரில் பதின்ம வயதிலேயே தெற்குத் தரப்பின் கெரில்லாக்களோடு, ‘பிளடி பில்’ ஆண்டர்சன் கூட்டத்தில் சேர்ந்து கொலைகள் செய்தவன். போருக்குப் பிறகு வங்கி, ரயில் கொள்ளை. தோற்ற தரப்பின் பழிவாங்கும் வீரனாக அவனை எழுதி எழுதி வளர்த்தவர் ஜான் நியூமன் எட்வர்ட்ஸ் என்ற கான்சஸ் சிட்டிப் பத்திரிகையாளர். ஏழைகளுக்குக் கொடுத்தான் என்பதற்குச் சான்று இல்லை. 1876 செப்டம்பர் 7 அன்று மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் வங்கியைக் கொள்ளையடிக்கப் போய், ஊர்மக்கள் திருப்பிச் சுட, கூட்டமே சிதறியது. கூட்டத்தில் இருந்த யங்கர் சகோதரர்கள் பிடிபட்டார்கள். படம் தொடங்கும் புளூ கட் ரயில் கொள்ளை 1881 செப்டம்பர் 7, சரியாக ஐந்து வருடம் கழித்து அதே தேதி. புதுக் கூட்டத்தில் ஃபோர்டு சகோதரர்கள் போன்ற கற்றுக்குட்டிகள் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு நார்த்ஃபீல்டுதான் விடை. நம்பகமான ஆட்கள் செத்தார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். ஜெஸ்ஸியின் சந்தேகம் வெறும் பைத்தியம் இல்லை. புதிதாக வந்தவர்களை நம்ப அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது.

அந்த ரயில் காட்சியைக் குறை சொல்பவர்கள் குறைவு. ‘ஒன்றும் தெரியவில்லை, இருட்டு’ என்பவர்கள் நிறைய. இங்கே தவறு பெரும்பாலும் டிவி அமைப்பில். காட்சியின் வெளிச்சம் முழுவதும் கைவிளக்குகளிலிருந்தும் ரயிலின் முன்விளக்கிலிருந்தும் வருவதுபோல அமைத்திருக்கிறார்கள். ரயில் வளைவில் திரும்பும்போது அந்த ஒற்றை விளக்கு மரங்களுக்கிடையே பாய்ந்து, முகமூடி போட்டு நிற்கும் ஆட்களின் மேல் நிழல்களை ஓடவிடும். பகல் வெளிச்சம் உள்ள அறையில் இது கறுப்புப் பலகைதான். இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவியில் படத்தின் முறையை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று வையுங்கள், ‘விவிட்’ வேண்டாம். அறை வெளிச்சத்துக்கேற்பத் திரையை மங்கவைக்கும் மின்சேமிப்பு வசதியை அணைக்க வேண்டும், இருட்டுக் காட்சியைக் கெடுப்பதில் அதுதான் முதல் குற்றவாளி. அசைவை வழவழப்பாக்கும் வசதி எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்ற பெயரில் இருக்கும், அதையும் அணையுங்கள். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு இடையில் டிவி தானே பிரேம்களைச் செருகினால், வேகமாக ஓடும் மேகங்களும் கோதுமைக் கதிர்களும் வீடியோ கேம் மாதிரி ஆகிவிடும். பிரைட்னெஸைக் கூட்டுவது தீர்வாகாது. கறுப்பு சாம்பலாகும், நீராவிக்குள் கட்டம் கட்டமாகத் தெரியும். இணைய வேகம் குறைந்தால் அதே நீராவியில்தான் முதலில் கட்டங்கள் தெரியும். ஆகவே புளூ-ரே கிடைத்தால் இந்தப் படத்துக்கு அதுவே மேல். போனில் பார்ப்பதென்றால் பார்க்காமலே இருக்கலாம்.

ஒலியிலும் ஒரு சிக்கல். வசனங்கள் 19-ஆம் நூற்றாண்டு நடையில், நாவலிலிருந்து அப்படியே எடுத்தவை நிறைய. அஃப்ளெக்கும் ஷ்னைடரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவரும் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது. ஒலியைக் கூட்டினால் துப்பாக்கிச் சத்தத்தில் வீடே எழுந்துவிடும், ஹெட்போன் உதவும். நிக் கேவ், வாரன் எல்லிஸ் இசை வயலினும் பியானோவும் மணிபோல் ஒலிக்கும் கருவியுமாக ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. இதைத் தாலாட்டு என்று கேலி செய்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினால் அது தாலாட்டேதான். எட்டு மணிக்கு முன்பே தொடங்குங்கள். நீளம் நம் படங்களின் நீளம்தான், இடைவேளை மட்டும் கிடையாது. நீங்களாக ஒன்று விடுவதென்றால், வுட்டின் உடலைப் பனியில் போட்டுவிட்டுத் திரும்பும் இடத்தில் விடலாம். ஏறத்தாழப் படம் பாதியில் இருக்கும். எழுந்து வந்ததும் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு நெருங்கிவிடுவீர்கள்.

நடிப்பைப் பற்றிய சண்டை பெரும்பாலும் பிட்டைச் சுற்றி நடக்கிறது; நடக்க வேண்டியது அஃப்ளெக்கைச் சுற்றி. சுடும்போது பாப் ஃபோர்டுக்கு வயது இருபது. அஃப்ளெக்குக்கு எடுக்கும்போது முப்பது. ஆனால் குரல் பாதியில் உடைவது, சிரிப்பு உதட்டுக்கு வந்து தயங்குவது, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் தேடுவது எல்லாம் மீசை சரியாக முளைக்காத பையனுக்கு உரியவை. பாப் ஒரு ரசிகன். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்குள் ஜெஸ்ஸியைப் பற்றிய மலிவு விலைக் கதைப்புத்தகங்களும் சேகரித்த சாமான்களும். கூட்டத்தார் அதைத் திறந்து கேலி செய்கிறார்கள். ரசிகன் தன் நாயகனின் வீட்டுக்குள் நுழைந்து அவன் குளிக்கும்போது கதவருகே நிற்கும் காட்சி ஒன்று உண்டு. நீ என்னைப் போல ஆக வேண்டுமா, இல்லை நானாகவே ஆக வேண்டுமா என்று ஜெஸ்ஸி கேட்கிறான். பாபிடம் பதில் இல்லை. படம் பேசும் விஷயமே இதுதான். கொள்ளை வெறும் பின்னணி. கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பையனைப் புரிந்துகொள்ள வெஸ்டர்ன் வரலாறு தேவையே இல்லை.

ஜெஸ்ஸி தானே சாவைக் கேட்டு வாங்கினானா என்பது பார்ப்பவர்களிடையே தீராத வழக்கு. நடந்தவற்றை அடுக்கினால், உறைந்த ஏரியின் மேல் நின்று பனிக்கட்டியைச் சுட்டுக்கொண்டே சார்லியிடம் தற்கொலையைப் பற்றி விசாரிக்கிறான். பாபுக்குத் தன் கையாலேயே புதுத் துப்பாக்கி ஒன்றைப் பரிசளிக்கிறான். 1882 ஏப்ரல் 3 காலை, செயின்ட் ஜோசஃப் ஊரில் தாமஸ் ஹவர்ட் என்ற பொய்ப்பெயரில் வாழும் வீட்டில், டிக் லிடில் அதிகாரிகள் வசமான செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறான். சகோதரர்கள் அதை மறைத்தார்கள் என்பது அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். அதன் பிறகும் அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாது என்று சொல்லித் துப்பாக்கிகளைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் ஏறிச் சுவரில் மாட்டிய படத்தின் தூசியைத் துடைக்கிறான். அந்தப் படத்தின் கண்ணாடியில் பாப் துப்பாக்கியை உயர்த்துவது தெரிகிறது. அவன் திரும்பவில்லை.

துப்பாக்கியைக் கழற்றியதும் தூசி துடைத்ததும் வரலாற்றில் பதிவானவை. கண்ணாடியில் பார்த்தது படம் சேர்த்தது. செத்தவன் என்ன பார்த்தான் என்று யாரும் சொல்ல முடியாதே. ஆகவே படம் ‘ஆம்’ என்ற பக்கம்தான் சாய்கிறது. அப்படிச் சாய்வதால் பாபின் குற்றம் குறைகிறதா, அல்லது அந்தச் செயல்கூட அவனுடையதாக இல்லாமல் ஜெஸ்ஸி எழுதிய நாடகமாகிவிடுகிறதா? பாபுக்கு இரண்டாவது இன்னும் கொடுமை.

அங்கே படம் முடிந்திருக்கலாம் என்பவர்களோடுதான் எனக்குச் சற்றும் உடன்பாடு இல்லை. கொலை நடக்கும்போது இரண்டு மணி நேரம் தாண்டியிருக்கும், களைப்பு புரிகிறது. ஆனால் முன்பகுதி முழுக்கப் போட்ட விதை முளைப்பது கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில்தான். தூங்கிப்போனவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது மறுநாள் பார்த்துவிடுங்கள். சகோதரர்கள் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்து அன்றே ஆளுநர் மன்னிப்பும் கொடுத்தார். பரிசுப் பணத்தில் சிறுபங்குதான் கைக்கு வந்தது. பிணத்தைப் பனிக்கட்டியில் கிடத்திப் புகைப்படம் எடுத்து விற்றார்கள். பிறகு இருவரும் மேடையேறி, பாப் பாபாகவும் சார்லி ஜெஸ்ஸியாகவும், அந்தக் கொலையையே நாடகமாக நடித்தார்கள். எண்ணூறு தடவைக்கு மேல் கொன்றதாக பாபே கணக்கிட்டான் என்கிறது பின்னணிக் குரல். ராக்வெல் இந்த இடத்தில் செய்வதைக் கவனியுங்கள்: இரவுக்கிரவு ஜெஸ்ஸியாக நடித்து நடித்து, சார்லியின் நடையும் பேச்சும் ஜெஸ்ஸியினுடையதாகிவிடுகின்றன. அண்ணனின் உடம்பில் செத்தவனைப் பார்த்துத் தம்பி மிரளுகிறான். 1884 மே மாதம் சார்லி தன்னைச் சுட்டுக்கொண்டான்.

ஒரு மதுக்கடையில் பாடகர் ஒருவர் கிட்டாரோடு ஜெஸ்ஸியைப் பற்றிய நாட்டுப்பாடலைப் பாடுகிறார். பாடுவது இசையமைப்பாளர் நிக் கேவே. பாட்டில் பாப் கோழை, ஜெஸ்ஸிக்கு மூன்று குழந்தைகள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாபுக்குத் தன்னைக் கோழை என்றதை மறுக்க வழியில்லை. எழுந்து, குழந்தைகள் மூன்று இல்லை, இரண்டு என்று மட்டும் திருத்துகிறான். அந்த வீட்டில் தங்கி, அந்தக் குழந்தைகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன் அவன். கடையில் இருக்கும் அத்தனை பேரிலும் எண்ணிக்கை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இந்தக் காட்சியின் கனம், முன்னால் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் மெதுவாக வாழ்ந்து பார்த்தவருக்குத்தான் இறங்கும்.

1892 ஜூன் 8 அன்று, கொலராடோவின் கிரீட் என்ற சுரங்க ஊரில், எட்வர்ட் ஓ’கெல்லி என்பவன் பாபின் கூடாரக் கடைக்குள் நுழைந்து ஷாட்கன்னால் சுட்டான். ஓ’கெல்லிக்கு ஆயுள் தண்டனை. அவனை விடுவிக்கக் கோரி மக்கள் மனுப்போட்டு, 1902-இல் வெளியே வந்தான். பாபின் சாவை யாரும், பெரும்புள்ளிகளின் கொலைக்குச் சொல்லும் ‘அசாசினேஷன்’ என்ற பெரிய சொல்லால் நினைவுகொள்ளவில்லை. அதை அவன் செய்த கொலைக்குத்தான் கொடுத்தார்கள், அவனுக்கு நேர்ந்ததற்குக் கொடுக்கவில்லை.